ஒரு சிலிண்டர் காஸுக்கு 1,400 கொப்பி

இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 2022 யூலையில், 12.5 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டரின் கொழும்பு விலை 4,910 ரூபாய். முந்திய ஆண்டு செப்டெம்பரில் அதே சிலிண்டர் 1,493 ரூபாய்க்குக் கிடைத்தது. விலை கூடிவிட்டது என்று புலம்பக்கூட அப்போது வழி இருக்கவில்லை. தெருவோரம் நீண்ட வரிசையில் வெற்றுச் சிலிண்டர்கள் நின்றன, கடைக்குள் காஸ் இல்லை. ஓகஸ்ட் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குத் தாவியது. மன்னாரின் பள்ளிமுனை போன்ற மீனவ ஊருக்கு அது இரண்டு பக்கத்தாலும் விழுந்த அடி. படகு எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்தான், காஸ் இல்லாத வீட்டில் குசினிக்கும் மண்ணெண்ணெய்தான். கிடைத்த ஒரு கானை எதற்கு ஊற்றுவது என்று வீட்டுக்குள்ளேயே வழக்குப் பேச வேண்டியிருந்தது.

மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் முப்பது காற்றாலைகளும் அப்போது சுழன்றுகொண்டுதான் இருந்தன. ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. அதே மார்ச் 22ஆம் திகதி மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து முதல் தொகுதியாகப் பதினாறு பேர் கடல் கடந்து இராமேசுவரம் பக்கம் போய் இறங்கினார்கள்.

வீட்டில் கிடக்கும் கழிவுக் கடதாசியை ஊறவைத்து இடித்து, கட்டியாக அமுக்கிக் காயவைத்து எரித்தால் என்ன என்ற யோசனை இப்படியான நெருக்கடி நாட்களில்தான் தலைதூக்கும். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. குப்பையும் குறையும், அடுப்பும் எரியும். ஆனால் அந்த 2022 மார்ச்சில் கடதாசியும் இல்லாமல் போயிருந்தது. வினாத்தாள் அச்சிட வழியில்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. 'ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பிரதியை நிறுத்தின. எரிக்கலாம் என்று நாம் பேசுகிற பொருளே தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது.

ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறத்தாழ 46 மெகாயூல் வெப்பம் வரும். 12.5 கிலோவுக்கு 575. காஸ் அடுப்பு அதில் பாதிக்குச் சற்று மேலாகப் பானைக்குக் கொடுக்கும், 316 என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த கடதாசியில் கிலோவுக்கு 15 மெகாயூல் அளவில் இருக்கிறது. விறகோடு ஒப்பிட்டால் அது அவ்வளவு குறைவில்லை. சிக்கல் அடுப்பில்தான். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், பானைக்குச் சேருவது நூற்றுக்குப் பதினைந்து பங்கு. அதாவது ஒரு கிலோ கடதாசிக் கட்டியிலிருந்து சமையலுக்குக் கிடைப்பது இரண்டேகால் மெகாயூல். ஒரு சிலிண்டரை ஈடுசெய்ய 140 கிலோ காய்ந்த கடதாசி வேண்டும். எண்பது பக்கக் கொப்பி ஒன்று நூறு கிராம் என்று பார்த்தால் 1,400 கொப்பி. பத்துப் பாடத்துக்கு வருடம் இருபது கொப்பி எழுதித் தள்ளும் பிள்ளை, எழுபது வருடம் படிக்க வேண்டும்.

நாளிதழை எடுத்தாலும் கதை பெரிதாக மாறாது. ஒரு பிரதி நூறு கிராம் என்றால் வருடம் முழுவதும் சேர்த்தால் 36 கிலோ. கால் சிலிண்டர். அதையும் ஒரு வீடு முழுசாகச் சேர்த்துவைக்கிறது என்று எப்படி நம்புவது? பழைய பேப்பருக்கு நம்மூரில் ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை இருக்கிறது. கச்சான் சரை சுற்றக் கொஞ்சம், றாக்கைக்கு விரிக்கக் கொஞ்சம், மீன் பொதியக் கொஞ்சம். கடை வாசலில் வீசிய மட்டைப் பெட்டிகளுக்கு மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகள் வேறு போட்டிக்கு நிற்கும்.

இந்தக் கணக்கோடு பலர் இந்த யோசனையை மூட்டை கட்டிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடதாசியை எரிபொருளாக நினைத்துக் கணக்குப் பார்த்தால் தோல்விதான். இதை உலகத்தில் நன்றாகச் செய்தவர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்குக் கடதாசி ஒரு பசை. எரிவதற்கு வேறு பொருள், அதை ஒட்டிப் பிடித்து வைக்கக் கடதாசி.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மரப்பொருள் துறைப் பேராசிரியராக இருந்த பென் பிரையன்ட், ஏழை நாடுகளின் கிராமங்களில் தச்சரே செய்துகொள்ளக்கூடிய நெம்புகோல் மர அழுத்தி ஒன்றை வடிவமைத்தார். பெரிய ஆலை எந்திரங்கள் மரத்தூளைச் சூடேற்றி மிகக் கடுமையாக அழுத்தும்போது மரத்திலுள்ள லிக்னின் இளகி அதுவே பசையாகிவிடும். கையால் அழுத்தும் கருவிக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால் பிரையன்டின் வழி வேறு. பொருளை ஊறவைத்து, இடித்து, நார்களைப் பிரித்துவிட வேண்டும். ஈரத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். காயும்போது இறுகிப் பிடிக்கும். கடதாசியே அப்படித்தான் பிறக்கிறது. அதே பிறப்பை அடுப்பங்கரையில் இரண்டாம் தடவை நடத்துவதுதான் இந்தத் தொழில். பின்னர் ரிச்சர்ட் ஸ்டான்லி என்பவரும் அவருடைய லெகசி பவுண்டேசன் அமைப்பும் இந்த முறையை மலாவி முதலான ஆபிரிக்க நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். சருகு, புல், உமி, மரத்தூள், கரித்தூள் என்று அந்தந்த ஊரில் எது கழிவோ அது கட்டியின் உடம்பானது. கடதாசிக் கூழ் அதைக் கட்டிப்போட்டது.

கென்யத் தலைநகர் நைரோபியின் குடிசைப் பகுதிகளில் நடந்தது இன்னும் பொருத்தமான உதாரணம். அங்கே விறகுக்கரி விற்கும் இடங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு தூளாகவே வீணாகும். பெண்களும் இளைஞர் குழுக்களும் அதை அள்ளி மண்ணோ கடதாசிக் கூழோ சேர்த்துக் கட்டியாக்கி விற்றார்கள். ஆய்வாளர் மேரி ஞெங்காவும் கூட்டாளிகளும் அதை அளந்தார்கள். ஐந்து பேருக்குச் சோளமும் போஞ்சிக் கொட்டையும் அவிக்க 850 கிராம் கரிக்கட்டி போதுமாக இருந்தது, அப்போதைய செலவு மூன்று கென்ய சில்லிங். அதே சாப்பாட்டைச் சாதாரணக் கரியில் சமைத்தால் 26 சில்லிங், மண்ணெண்ணெயில் 45. கடதாசி சேர்த்த கட்டியில் கடதாசியின் பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று. ஒரு கிலோ கடதாசிக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல் கரித்தூள். இப்போது நாளிதழ்க் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 36 கிலோ கடதாசியை எரித்தால் கால் சிலிண்டர். அதே 36 கிலோவைப் பசையாக வைத்தால் 275 கிலோ கட்டி, அதுவும் கடதாசியைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பத்தோடு.

சரி, மன்னாரில் எதை ஒட்டுவது?

பள்ளிமுனை என்றதும் வெளியூர்க்காரருக்கு முதலில் நினைவு வருவது பெருக்க மரம். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பார்கள். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ பத்தொன்பதரை மீட்டர். தீவிலேயே பருமனான இந்த மரம் அடுப்புக்கு உதவாது. அதன் மரம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் நார்ப்பஞ்சு, விறகாகப் பிளந்து பிரயோசனமில்லை. அதனால்தான் அது கோடரிக்குத் தப்பி இத்தனை நூற்றாண்டு நிற்கிறதோ என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் அதன் பட்டை நார் நல்ல கடதாசி ஆகும். 1858இல் அங்கோலாவில் யோக்கிம் மொன்டெய்ரோ என்பவர் அதைக் கண்டறிந்து சொல்ல, பிறகு அந்தப் பட்டை கடதாசி ஆலைகளுக்காக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பள்ளிமுனை மரத்தில் யாரும் அந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டாம், அது பாதுகாக்கப்பட வேண்டிய மரம்.

தீவின் உண்மையான எரிபொருள் பனையில் இருக்கிறது. ஓலை, மட்டை, பன்னாடை எல்லாம் பற்றி எரியும், ஆனால் நின்று எரியாது. நின்று எரிவது ஊமல். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். கொட்டையைப் பாத்தியில் போட்டுக் கிழங்கு எடுத்து, பூரானையும் தின்று முடித்தபின் மிஞ்சுகிற கட்டையான ஓடு அது. ஊமற்கரியின் சூட்டைக் கொல்லரைக் கேட்டால் சொல்வார்கள். பனங்கிழங்கு கிண்டும் தை, மாசியில் வளவுக்கு வளவு ஊமல் குவிந்து கிடக்கும். அதோடு தேங்காய்ச் சிரட்டை. விறகுப் போறணை வைத்திருக்கும் பேக்கரிகளில் தினமும் கூட்டித் தள்ளும் கரித்தூள். அடுப்பிலிருந்து நாமே சாம்பலோடு வாரிக் கொட்டும் அரைகுறைக் கரி. இவற்றைச் சேர்த்தால் கட்டியின் உடம்புக்குப் பஞ்சமில்லை. கரையோரக் கண்டல் மரத்திலும் வங்காலைப் பறவைகள் சரணாலயப் பக்கத்துப் பற்றைகளிலும் கைவைக்காமல் கிடைக்கக்கூடிய எரிபொருள் இது.

ஊமலையும் சிரட்டையையும் கரியாக்கத் தகரப் பீப்பாய் ஒன்று போதும். அடியில் சில துளைகள். தீ நன்றாகப் பற்றிப் புகை மெலிந்து நீலமானதும் அடித்துளைகளை மண்ணால் அடைத்து, வாயையும் மூடிக் காற்றை நிறுத்திவிட வேண்டும். ஆறியபின் உரலில் இட்டு இடித்து அரித்தெடுக்கலாம். இடிக்கும்போது வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொள்வது நல்லது.

கடதாசியைக் கிழித்து ஊறவைப்பது வேறொரு பாத்திரத்தில். செய்தித்தாள் இரண்டு நாளில் குழைந்துவிடும். கொப்பித் தாளில் மை ஊறாமல் இருக்கப் பசை பூசியிருப்பதால் அது பிடிவாதம் பிடிக்கும், மூன்று நான்கு நாளாகும். கொப்பியின் கம்பியைக் கழற்றாமல் போடுகிறவர்கள் பிறகு அதை விரலில் கண்டுபிடிப்பார்கள். ஊறியதை உரலில் குத்தி, நார் நாராகக் கலைந்த கூழாக்க வேண்டும். பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்தே செய்வது, லிக்னின் அதிலேயே இருக்கும். அது வெயிலில் மஞ்சளாவதும் அதனால்தான், நன்றாக எரிவதும் அதனால்தான். வெள்ளைத் தாளில் அதை நீக்கிவிட்டு, வெண்மைக்காகச் சுண்ணாம்புத் தூளும் களியும் சேர்த்திருப்பார்கள். எரிந்தபின் சாம்பல் குவிவதற்கு அதுதான் காரணம். வழுவழுப்பான சஞ்சிகைத் தாளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இப்படியான கனிமமாகவே இருக்கலாம். அதை அடுப்புக்குக் கொடுத்துப் பிரயோசனமில்லை.

கூழையும் கரித்தூளையும் சேர்த்துப் பிசையும்போது பதம் முக்கியம். புட்டுக்குக் குழைத்த மா மாதிரி இருக்க வேண்டும். பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், விரலால் உதிர்த்தால் உதிர வேண்டும். நான்கு அங்குல பிளாஸ்ரிக் குழாய்த் துண்டில் பக்கத்துக்குச் சில துளைகள் போட்டு, நடுவில் ஒரு அங்குலத் தடியை நிறுத்தி, கலவையை நிரப்பி அமுக்கினால் நடுவில் துளையுள்ள வட்டக் கட்டி வெளிவரும். கையால் அமுக்குவது போதாது. சுவரில் செருகிய தென்னங்குற்றியை நெம்புகோலாக்கி மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்தால் தண்ணீர் நன்றாகப் பிழிந்து இறங்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. அடுத்த தடவை ஊறவைக்க அதுவே போதும். நன்னீர் அருமையான தீவில் இந்த வேலையின் பெரிய செலவே தண்ணீர்தான்.

நடுத்துளை அலங்காரத்துக்கு இல்லை. மரத்தூள் அடுப்பு வைத்துச் சமைத்த தலைமுறைக்கு அதை விளக்கத் தேவையில்லை. தகரத்துக்குள் நடுவில் போத்தலையோ தடியையோ வைத்து மரத்தூளை இறுக்கி, பிறகு தடியை உருவி, அந்தத் துளைக்குள் தீ வைப்பார்கள். காற்று கீழிருந்து துளை வழியே இழுபடும். எரியும் உட்சுவர்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துத் தீயை அணையவிடாது. துளையில்லாத கடதாசிக் கட்டியும், செய்தித்தாளை இறுகச் சுருட்டிக் கட்டிய உருளையும் வெளியே கருகி, சாம்பல் மூடி, உள்ளே வேகாமல் புகைந்துகொண்டே கிடக்கும். செய்துபார்த்தோம், சரிவரவில்லை என்று கைவிட்டவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டிருப்பார்கள்.

இனி, மன்னாரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் எல்லாருக்கும் வரக்கூடிய ஒரு சபலம். வீட்டு வாசலில் கடல் இருக்கிறது. ஊறவைக்கத்தானே, கடல் தண்ணீர் போதாதா?

கூடவே கூடாது. முதல் காரணம் சின்னது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கட்டி ஒருநாளும் முழுதாகக் காயாது. இரண்டாவது காரணம் பாரதூரமானது. உப்பில் குளோரின் இருக்கிறது. மரமோ கடதாசியோ குளோரினோடு சேர்ந்து குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது டயொக்சின் என்ற நச்சுக்கள் உண்டாகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் காட்டு மரங்களைக் கடலில் மிதக்கவிட்டே ஆலைக்கு இழுத்துவருவார்கள். உப்பேறிய அந்த மரப்பட்டையைக் கடதாசி ஆலைகளின் கொதிகலனில் எரித்தபோது புகைபோக்கியில் டயொக்சின் வந்தது. 2001இல் கனடா அந்தக் கரையோர ஆலைகளுக்கென்றே தனி வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. வானளாவிய புகைபோக்கியும் வடிகட்டியும் உள்ள ஆலைக்கே அந்தக் கட்டுப்பாடு. முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும் குசினி அடுப்புக்கு வடிகட்டி எது? இதே காரணத்தால் உடைந்த வள்ளப் பலகையும் கரையொதுங்கிய மரமும் அடுப்புக்கு நல்லதில்லை. வள்ளப் பலகையில் பூச்சும் சேர்ந்திருக்கும்.

கடதாசியிலும் விலக்க வேண்டியவை உண்டு. சூப்பர் மார்க்கட், வங்கி இயந்திரம் தரும் வழுக்கும் பற்றுச்சீட்டு மையால் அச்சடித்ததில்லை, சூட்டில் கறுக்கும் இரசாயனம் பூசியது. பால் பெட்டி, பிளாஸ்ரிக் படலம் ஒட்டிய மட்டை, மினுங்கும் பரிசுத்தாள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். நல்ல வெள்ளைத் தாளையும் எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாரை இன்னும் ஐந்தாறு தடவை கடதாசியாக்கலாம். 1956இல் வைக்கோலை நம்பித் தொடங்கிய வாழைச்சேனை ஆலை பின்னர் கழிவுக் கடதாசியையும் கூழாக்கியது. கந்தோர்த் தாள் அந்த வழிக்குப் போகட்டும். மீன் கசிந்தது, எண்ணெய் பட்டது, நனைந்து கிழிந்தது என்று பழைய பேப்பர்காரர் தொடாத கடதாசிதான் நமக்கு. எண்ணெய் பட்டது எரிவதற்கு இன்னும் நல்லது.

புகை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைக் குடும்பங்களில் பத்தில் ஏழுக்கு மேல் விறகில் சமைத்தன. அந்தப் புகையை விட இது மோசமில்லை, கரித்தூள் கூடுதலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும் புகை நன்றாகவே குறையும். தெரியாத புகை அங்கேதான் இருக்கிறது. கரி எரியும்போது வரும் காபன் ஓரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. துளையிட்ட நிலக்கரிக் கட்டியால் வீட்டைச் சூடாக்கிய தென்கொரியாவில் தூக்கத்திலேயே இறந்தவர்கள் ஏராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு இந்தக் கட்டியைக் கொளுத்தக் கூடாது. அடுப்பைப் பொறுத்தவரை, இலங்கை மின்சார சபையும் ஐ.ரி.டி.ஜி. என்ற அபிவிருத்தித் தொண்டு நிறுவனமும் 1980களில் பரப்பிய 'அனகி' என்ற இரட்டைவாய்க் களிமண் அடுப்பு மூன்று கல்லை விட நல்லது. ஆனால் அது நீட்டு விறகுக்காகச் செய்தது. வட்டக் கட்டிக்கு அடியில் கம்பித் தட்டு வைத்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும்.

இந்த வேலை இலவசம் என்று யாரும் சொன்னால் அவர் உலக்கை பிடித்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடதாசி பொறுக்குவது, தண்ணீர் அள்ளுவது, இடிப்பது, அமுக்குவது, பிரட்டிப் பிரட்டிக் காயவைப்பது என்று போகும் நேரம் பெரும்பாலும் பெண்களின் நேரமாகத்தான் இருக்கப்போகிறது. நண்டு வலை கழிப்பதும் கருவாடு போடுவதும் ஏற்கெனவே அவர்கள் தலையில். ஒரு வீடு தனக்காக மட்டும் செய்தால் இது கட்டாது என்பதே என் முடிவு. பாடசாலையின் பழைய கொப்பிகள், பேக்கரியின் கரித்தூள், நான்கைந்து வளவின் ஊமல் எல்லாம் ஓரிடத்துக்கு வந்து, ஒரே அழுத்தியில் பத்துப் பேர் முறைவைத்து வேலை செய்தால்தான் நைரோபிக் கணக்கு இங்கே பலிக்கும். அதற்குக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்துப் பின்வளவோ கோயில் வளவோ போதும்.

காயவைக்க மன்னாரைப் போல் இடம் கிடையாது. சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை மழை அரிது, காற்று ஓயாது. கழித்துப்போட்ட வலையை முழ உயரத்தில் இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பினால் அடியாலும் காற்று போகும். ஒரு கிழமையில் கட்டி காய்ந்து, தட்டினால் ஓசை வரும். புரட்டாதி பிறப்பதற்கு முன் வருட இருப்பை முடித்துவிட வேண்டும். மழைக்குள் செய்த கட்டி பூஞ்சணம் பிடித்து நாறும். காய்ந்தவற்றை நிலத்தில் அடுக்கினால் கறையானுக்கு அது வீட்டுக்கு வந்த விருந்து, கடதாசியை அதைப் போல் விரும்பித் தின்கிற உயிர் வேறில்லை. குசினிப் பரணில், அடுப்புச் சூடு எட்டாத மூலையில், சுவரோடு ஒட்டாமல் அடுக்கினால் அடுத்த மாரி முடியும் வரை இருக்கும்.